பையைப் பார்த்துக்கொண்டவள் பறந்த கதை

எந்த ஊருக்குப் போனாலும் எனக்கென்று ஒரு வேலை தயாராகக் காத்திருக்கும். பை பார்த்துக்கொள்ளும் வேலை!

கொடைக்கானல் ஏரியில் எல்லோரும் படகில் போனபோது கரையில் பையோடு உட்கார்ந்திருந்தவள் நான். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றியபோது நாலு ஜோடி செருப்பு, தண்ணீர்க் கூஜா, ஒரு டெல்லி அப்பளம் இவற்றுக்குக் காவல் இருந்தவளும் நானே. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை. "நீ பையைப் பார்த்துக்கோ" என்பார் என் வீட்டுக்காரர். நானும் "சரிங்க" என்பேன். எனக்கு உயரம் என்றால் பயம். மொட்டை மாடியில் வற்றல் காயவைக்கும்போதுகூடக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகமாட்டேன். ஆகவே எல்லோருக்கும் சௌகரியமான ஏற்பாடாக அது பல வருஷம் நடந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நான், நாற்பத்தேழாவது வயதில், எட்டாயிரம் அடி உயரத்து மலையிலிருந்து ஒரு துணியை நம்பிக் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? குதிக்கவில்லை, ஓடினேன். அந்த வித்தியாசத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் எப்படிப் போய் மாட்டிக்கொண்டேன் என்பதைக் கேளுங்கள்.

வைத்தியநாதரைப் பார்க்கப் போனோம்

2024 அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி, என் வீட்டுக்காரரின் எல்.டி.சி.யில் ஹிமாசலப் பிரதேசம் போனோம். நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் எங்கள் ஒரே பெண், எழுபத்திரண்டு வயது அத்தை, ஆக நான்கு பேர். அத்தை என்றால் என் மாமியார்.

அத்தைக்குப் பைஜ்நாத் கோயிலைப் பார்க்கவேண்டும். காங்க்ரா மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சிவன் கோயிலை 1204-ல் அண்ணன் தம்பிகளான இரண்டு வியாபாரிகள் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பைஜ்நாத் என்றால் வைத்தியநாதன். "நம்ம வைத்தீஸ்வரன் கோயில் சாமிதாண்டி இங்கேயும் உட்கார்ந்திருக்காரு" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராவணன் சிவபக்தன் என்பதால் அந்த ஊரில் தசராவுக்கு ராவணன் பொம்மையைக் கொளுத்துவதில்லை என்பதைக் கேட்டு அவருக்கு இன்னும் சந்தோஷம்.

என் பெண்ணுக்கு வேண்டியது வேறு. பைஜ்நாத்துக்குப் பக்கத்திலேயே பீர் என்று ஒரு ஊர். அதற்கு மேலே மலையில் பில்லிங் என்று ஒரு புல்வெளி. அங்கிருந்து பெரிய குடை போன்ற ஒன்றில் பறந்து வந்து பீரில் இறங்குகிறார்கள். பாராகிளைடிங் என்று பெயர். 2015-ல் இந்தியாவிலேயே முதன்முறையாகப் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது இங்கேதானாம். நமக்குப் பறக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. பழகிய பைலட் பின்னால் இருப்பார், நாம் அவருக்கு முன்னால் உட்கார்ந்து போகலாம். அதற்கு டாண்டம் என்று பெயர். ஆறு மாதமாக இதே பேச்சு. "ஒரே ஒரு தடவைம்மா" என்று அவள் கெஞ்சியதில் அப்பா கரைந்துவிட்டார். என் வயிற்றில்தான் புளியைக் கரைத்தது.

ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும்

பீர் கடைத்தெருவில் இறங்கினால் பக்கத்துக்குப் பக்கம் பறக்கும் கடைகள். ஒரு கடையில் முன்பணம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டார் இவர். அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன்.

சின்ன வயதில் ஹிந்தி பிரசார சபாவில் பிராத்மிக், மத்தியமா எழுதியவள் நான். முப்பது வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஹிந்தியைத் தூசு தட்டி எடுத்தேன். "என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும் பைலட் யார்? அவருடைய அனுமதி அட்டையைக் காட்டுங்கள்" என்றேன். ஹிமாசலத்தில் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொண்ட பைலட்டுகள்தான் பயணிகளை ஏற்றிச் செல்லலாம் என்று என் பெண்ணே எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

கடைக்காரப் பையன் சிரித்தான். "டென்ஷன் வேண்டாம் ஆண்டி, எல்லாம் இருக்கு" என்றான். எங்கே இருக்கிறது என்றால், மேலே இருக்கிறது என்றான். பைலட் பெயர் என்ன என்றால், காலையில் யார் வருகிறாரோ அவர் என்றான்.

காய்கறிக்காரரிடம் ஒரு கத்தரிக்காயை வாங்க நாலு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிறோம். பெற்ற பெண்ணை ஒப்படைக்க ஒரு அட்டையைப் பார்க்கக் கூடாதா? "எழுந்திருங்க போகலாம்" என்றேன். முன்பணம் திரும்பவில்லை. என் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இவர், "ஐந்நூறு ரூபாய் போச்சு" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். போனால் போகட்டும் என்று நான் பதில் பேசாமல் நடந்தேன்.

நாங்கள் தங்கியிருந்த விடுதி அம்மாள் வேறொரு இடத்தைச் சொன்னார். அங்கே நாங்கள் கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்து வைத்தார்கள். பைலட்டும் அங்கேயே இருந்தார். உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் பெண்ணின் எடையைக் கேட்டார், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். "இப்போது பிற்பகல், மலையில் காற்று வேகமாகிவிட்டது. நாளைக் காலையில் வாருங்கள். நாளைக்கும் காற்று சரியில்லை என்றால் பறக்கமாட்டேன், பணம் வாபஸ்" என்றார். பறக்கமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரைப் பார்த்ததும் எனக்கு முதல் தடவையாக மூச்சு வந்தது.

"எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு பேர்னு சொல்லு" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அத்தை!

"யாரும்மா ரெண்டாவது? நீயா?" என்று இவர் சிரித்தார்.

"உன் பெண்டாட்டி."

நான் பதறிப்போனேன். "ஐயோ அத்தை, எனக்கு உயரம்னா ஆகாது. நான் உங்ககூட இருந்து பையைப் பார்த்துக்கறேன்."

"பையை நான் பார்த்துக்கறேன்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் மாமியா என்கிட்ட பையைக் குடுத்தாங்க. நான் உன்கிட்ட குடுத்தேன். யாரும் என்னை வர்றியான்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் கேக்கறேன். போறியா?" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியிருக்கிறோம். உப்பு கூடிவிட்டது, புளி குறைந்துவிட்டது என்று எத்தனையோ சண்டை. அத்தையின் மனசில் இப்படி ஒரு மூலை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. "போறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. என் கால்கள்தான் சம்மதிக்கவில்லை.

பீரோ சாவி எங்கே?

அன்று இரவு தூங்கினேன் என்று சொன்னால் பொய். முதலில் ஊரிலிருக்கும் எங்கள் குடும்ப டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு கர்ப்பப்பையில் கட்டிக்காக எனக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "ஆபரேஷன் புண் ஆறி வெகுநாளாச்சு. பிரஷர் இல்லை, இருதயம் நல்லா இருக்கு, முதுகுவலியும் இல்லை. தாராளமா போங்க. இறங்கும்போது மட்டும் காலை ஜாக்கிரதையா வைங்க, நாற்பத்தஞ்சுக்கு மேலே எலும்பு நம்ம பேச்சைக் கேக்காது" என்றார்.

உடம்பு சரி. மனசு? நானும் பெண்ணும் ஒரே நேரத்தில் மேலே. ஒன்று ஆகிவிட்டால்? பாராகிளைடிங்கில் விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நடு ராத்திரியில் இவரை எழுப்பினேன். "என்னங்க, பீரோ சாவி அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்கு. கேஸ் புத்தகம் மேல் தட்டுல. பால்காரருக்கு இருபது நாள் பாக்கி. அத்தையோட பிரஷர் மாத்திரை காலையில் பாதி, ராத்திரி ஒண்ணு."

இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதெல்லாம் இப்ப எதுக்குடி சொல்றே?" என்றார். பிறகு மெதுவாக, "இதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியலையே" என்றார். விளக்கைப் போட்டு, ஒரு காகிதம் எடுத்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சகோதரிகளே, நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இந்தக் காகிதத்தை மட்டும் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.

தலையணை உறையும் தோசைக்கல்லும்

காலையில் இரண்டு இட்லி அளவுக்கு ஏதோ சாப்பிட்டுவிட்டு, ஜீப்பில் ஏறினோம். பீரிலிருந்து பில்லிங்குக்கு 14 கிலோமீட்டர் மலைப்பாதை. உண்மையைச் சொல்லட்டுமா? பறந்ததைவிட அந்த ஜீப் பிரயாணத்தில்தான் அதிகமாக சாமி கும்பிட்டேன்.

பில்லிங் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் இடம் சுமார் 1,500 மீட்டரில். பின்னால் தௌலாதார் மலைத்தொடர், முன்னால் பள்ளத்தாக்கு. சரிவான ஒரு புல்தரை, அதில் கொடிக்கம்பம் போன்ற ஒன்றில் காற்றடைத்துத் தொங்கும் ஒரு துணிக்குழாய். அது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டுமாம். போனவுடன் பறந்துவிடலாம் என்று நினைத்தோம். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்தது. "முன்னாலிருந்து வரவேண்டும், அதுவரை உட்காருங்கள்" என்றார் பைலட். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இந்தத் துணி எப்படி நம்மைத் தாங்குகிறது? கீழே போகவேண்டியது எப்படிச் சில சமயம் மேலே போகிறது?

அவர் துணியை விரித்துக் காட்டினார். இரண்டு பேரைத் தாங்கும் சிறகு ஏறக்குறைய 40 சதுர மீட்டர் இருக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் குறுக்கே தைத்துச் சின்னச் சின்ன அறைகள். நம் தலையணை உறைகளை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். பின்பக்கம் மூடியிருக்கும், முன்பக்கம் வாய் திறந்திருக்கும். முன்னால் ஓடும்போது காற்று வாய் வழியாக உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் உப்பிக்கொள்கிறது. உப்பியதும் துணி விமானச் சிறகு போன்ற வடிவத்துக்கு வருகிறது. அந்த வடிவம்தான் நம்மைத் தாங்குகிறது. துணியோ கிழிந்தால் கிழிசல் ஓடாத மாதிரி கட்டம் போட்டு நெய்த நைலான். நூல்கள் பார்க்க மெல்லியவை, ஆனால் ஒவ்வொன்றும் கெட்டி.

இந்தச் சிறகு ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் எட்டு ஒன்பது மீட்டர் முன்னால் போய்விடுமாம். ஆகவே விழுவதில்லை, சறுக்குகிறது. மேலே போவதற்குக் காரணம் வெயில். தோசைக்கல் காய்ந்ததும் அதன் மேல் கையை நீட்டினால் சூடு மேலே எழும்பி வந்து கையில் படுகிறதல்லவா? மலைச்சரிவில் வெயில் பட்டுப் பாறை சூடானதும் அங்கேயும் சூடான காற்று மேலே எழும்புகிறது. அதற்குத் தெர்மல் என்று பெயர். கழுகு சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலே ஏறுவது அதை நம்பித்தான். பைலட்டும் அதற்குள் புகுந்து வட்டமிட்டால் ஏறலாம். வெயில் ஏற ஏறக் காற்று முரட்டுத்தனமாகிவிடும் என்பதால்தான் புதியவர்களைக் காலையில் அழைத்துப்போகிறார்கள்.

இது ஒன்றும் நெடுங்காலத்து வித்தை இல்லை. 1978-ல் பிரான்சில் மியூஸி என்ற மலைக் கிராமத்தில், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்காரர்கள் மூன்று பேர், விமானச் செலவு இல்லாமல் மலையிலிருந்தே ஓடிப் பறந்து பார்த்தார்களாம். சிக்கனத்தில் பிறந்த கலை! நமக்குப் பிடிக்காமல் போகுமா?

"தௌடோ! தௌடோ!"

துணிக்குழாய் திரும்பியது. முதலில் என் பெண் போனாள். அவளுக்கு வேறு பைலட். நாலு எட்டு ஓடினாள், தரை முடிந்தது, அவள் முடியவில்லை. ஒரு பூவைப் போல மிதந்து போனாள். நான் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்கும்போது அவள் அங்கே இருக்கவேண்டுமே என்ற பயம்.

அடுத்தது நான். தலையில் ஹெல்மெட். சட்டைக்கு மேலே ஹார்னஸ் என்ற இருக்கையைப் புத்தகப்பை போல முதுகில் மாட்டினார்கள். மார்பில் ஒரு பட்டை, தொடைக்கு ஒன்றாக இரண்டு பட்டை. ஓர் உதவிப் பையன் படபடவென்று மாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் ஓடினான். நான் குனிந்து பார்த்தேன். இடது தொடைப் பட்டை மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கேஸ் குமிழை மூடினோமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்க்கும் வழக்கம் எனக்கு. வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அந்த வழக்கம்தான் அன்றைக்குக் குனிந்து பார்க்க வைத்தது. பைலட்டிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. தாமே மண்டியிட்டு மாட்டினார். "கிளம்புவதற்கு முன் நான் எல்லாவற்றையும் ஒருமுறை பார்ப்பேன். ஆனாலும் நீங்கள் பார்த்தது நல்லது" என்றார். பிறகு என் கையைப் பிடித்து ஒவ்வொரு பூட்டையும் தொட வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண வைத்தார். தொடைப் பட்டைகள் இல்லாவிட்டால் ஆள் இருக்கையிலிருந்து நழுவிவிட முடியும். ஆகவே, மார்புப் பட்டை மட்டும் மாட்டியிருந்தால் போதாது என்பதை நினைவில் வையுங்கள்.

"நான் சொன்னதும் ஓடுங்கள். கால் தரையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருங்கள். உட்காரவே கூடாது" என்றார். தலையாட்டினேன்.

"தௌடோ! தௌடோ!"

ஓடினேன். பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுப்பது போல ஓர் இழுப்பு. சிறகு தலைக்கு மேலே எழும்பியது. பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்! பைலட் சட்டென்று சிறகைக் கீழே இழுத்து நிறுத்தினார். இரண்டு பேரும் புல்லில் மண்டியிட்டுக் கிடந்தோம். முழங்காலில் பச்சை.

"வேண்டாமா?" என்றார். கோபமே இல்லை. "வேண்டாம் என்றால் ஜீப்பில் போய்விடலாம். அதில் வெட்கம் இல்லை."

கீழே பார்த்தேன். என் பெண் ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தாள். அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், அத்தை பைகளோடு உட்கார்ந்திருப்பார்.

"இன்னொரு தடவை" என்றேன்.

இந்தத் தடவை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல ஓடினேன். எட்டு, ஒன்பது, பத்து... காலை வைத்தால் தரை இல்லை. அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்து பைலட் சிரித்துக்கொண்டே, "போதும் ஆண்டி, இப்போது உட்காரலாம்" என்றார்.

மேலே

ராட்டினத்தில் வயிற்றைப் பிசையுமே, அதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. காதில் காற்று, வேறு சத்தமே இல்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போகாத எனக்கு இங்கே ஏன் தலை சுற்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். கீழே பார்த்தால் பைன் மரங்கள் கொத்தமல்லிக் கட்டு மாதிரி. தேயிலைத் தோட்டங்கள் கத்தரித்த கம்பளம் மாதிரி. திபெத்திய மடாலயங்களின் கூரைகள் வெயிலில் பளபளத்தன.

திடீரென்று பைலட்டின் கருவி ஒன்று "பீப் பீப்" என்றது. மேலே ஏறுகிறோம் என்று சொல்லும் கருவியாம் அது. ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு எங்களுக்குச் சமமாக வட்டமிட்டது. சிறகின் ஓரத்து இறகுகள் விரல்கள் போல விரிந்திருந்தன. தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. "நீ யாரம்மா இங்கே?" என்று கேட்பது போல இருந்தது.

அப்போது எனக்கு அழுகை வந்தது. துக்கமில்லை, சந்தோஷம் என்றும் சொல்லமுடியாது. என் கையில் பை இல்லை, கரண்டி இல்லை, யாருடைய கையும் இல்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. கடைசியாக என் கைகள் எப்போது சும்மா இருந்தன?

எல்லாமே இனிமை என்று சொல்லமாட்டேன். வட்டமிட வட்டமிட வயிற்றைப் புரட்டியது. வாந்தி வரும்போல ஆனதும், "சுற்றவேண்டாம், நேராகப் போங்கள்" என்றேன். உடனே நேராக்கினார். தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டதில் சரியாகிவிட்டது. மொத்தம் இருபது நிமிஷம் பறந்திருப்போம்.

இறங்கும்போது "எழுந்து நில்லுங்கள்" என்றார். நின்றேன். தரை வேகமாக வந்தது. இரண்டு எட்டு ஓடினேன், மூன்றாவது எட்டில் உட்கார்ந்தேன், நல்லவேளை புல்லில்! என் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அம்மா, நீயாம்மா! நீயாம்மா!" என்று அதையே சொன்னாள்.

இவர் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "ரெண்டு பேரும் மேலே போயிட்டீங்க. எனக்குக் கீழே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. ஓரமாக, மரத்தடியில், நான்கு பைகளுக்கும் மூன்று ஜோடி செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்றார். சொன்னேன். கழுகைப் பற்றி, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி, புல்லில் விழுந்ததைப் பற்றி, எல்லாம் சொன்னேன். கதை கேட்கும் குழந்தை மாதிரி கேட்டார். முடிந்ததும், "உன் முழங்கால்ல சிராய்ச்சிருக்கு பாரு" என்று பையிலிருந்து மஞ்சள் களிம்பை எடுத்தார்.

நீங்களும் போவதானால்...

யாருக்காவது ஆசை பிறந்திருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

• கர்ப்பிணிகள், இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷனோ பிரசவமோ ஆனவர்கள் ஆசையை ஒத்திப்போடுங்கள். முதுகு, மூட்டு, எலும்புத் தேய்மானத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவேண்டாம்.

• பைலட்டின் அனுமதி அட்டையைக் கேளுங்கள். ஆபத்துக் காலப் பாராசூட் இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள். முன்பணம் போனாலும் பரவாயில்லை.

• உண்மையான எடையைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய எடையைச் சொல்லவேண்டாம்! எடைக்குத் தகுந்த சிறகு எடுக்கவேண்டும்.

• சேலை உதவாது. சல்வார் கமீஸ் அல்லது பேன்ட், கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, ஒரு ஸ்வெட்டர். துப்பட்டாவைக் கீழேயே விட்டுவிடுங்கள். பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டு ஊக்கு குத்திவிடுங்கள். ஜிமிக்கி வேண்டாம். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள்.

• வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். கிளம்புமுன் பாத்ரூம் போய்விடுங்கள். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் உடம்பு என்றால் முன்கூட்டியே பைலட்டிடம் சொல்லுங்கள்.

• மார்பு ஒன்று, தொடை இரண்டு. மூன்று பூட்டையும் உங்கள் கையாலேயே தொட்டு எண்ணுங்கள்.

• ஓடச் சொன்னால் ஓடுங்கள். உட்காராதீர்கள். என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளுங்கள்.

• காற்று சரியில்லை என்று பைலட் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, ஹிமாசலத்தில் பறக்கத் தடை உண்டு. அக்டோபர், நவம்பர் நல்ல காலம்.

எனக்கு மூவாயிரம் ரூபாய் ஆனது. வீடியோவுக்குத் தனிப் பணம். நான் எடுத்துக்கொள்ளவில்லை. மண்டியிட்டு விழுந்ததைப் பணம் கொடுத்து வேறு பார்க்கவேண்டுமா?

ஊருக்குத் திரும்பும்போது பதான்கோட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரமிருந்தது. பழக்க தோஷத்தில் பைகளைச் சுற்றி அடுக்கிவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் வந்து என்னை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் உட்கார்ந்தார்.

"அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய் டீ குடிச்சிட்டு, அப்படியே நாலு கடை பார்த்துட்டு வா. நான் பையைப் பார்த்துக்கறேன்" என்றார்.

அத்தையும் நானும் கையை வீசிக்கொண்டு நடந்தோம். பிளாட்பாரத்தின் கோடிவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒரு பையின் வாய் திறந்திருந்தது. அதை மூடச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.